ஏமன் கரையில் 11 லட்சம் பீப்பாய் எண்ணெய்: ஸேஃபர் கப்பல் விஷயத்தில் உலக நாடுகள் செய்ததும் பாதியில் விட்டதும்

#1 கடலோரி

ஏமன் என்றாலே செய்தியில் ஏவுகணையும் டிரோனும்தான் வருகின்றன. அதே ஏமன் கரைக்கு எதிரே 2023இல் ஒரு பெரிய வேலை நடந்து முடிந்தது. அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஸேஃபர் என்பது 1976இல் ஜப்பானில் கட்டிய டேங்கர். 1980களின் கடைசியில் அதை மிதக்கும் எண்ணெய்க் கிடங்காக மாற்றி, செங்கடல் துறைமுகமான ஹொதைதாவுக்கு வடக்கே ராஸ் ஈசா முனைக்கு எதிரே கட்டி நிறுத்தினார்கள். மாரிப் எண்ணெய் வயல்களிலிருந்து சுமார் 430 கி.மீ. குழாயில் வரும் கச்சா எண்ணெய் இதில் சேரும். வெளிநாட்டு டேங்கர்கள் பக்கத்தில் வந்து நிரப்பிக்கொண்டு போகும். 2015இல் போர் மூண்டதும் ஏற்றுமதி நின்றது, பராமரிப்பும் நின்றது. அப்போது உள்ளே இருந்தது சுமார் 11.4 லட்சம் பீப்பாய். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கொட்டியதைப் போல நான்கு மடங்கு.

கப்பல் நின்ற இடம் அரசை எதிர்த்துப் போரிடும் ஹூதிகள் என்ற ஆயுதக் குழுவின் கட்டுப்பாட்டில். உலகம் அங்கீகரித்த அரசோ ஏடனில். எண்ணெய் எங்களுடையது என்று இரண்டு தரப்பும் சொன்னார்கள். 2020 மே மாதம் என்ஜின் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. முக்குளிப்போர் இறங்கி ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜூலையில் ஐநா பாதுகாப்புச் சபை இதற்காகத் தனியாகக் கூடியது. அந்த ஆண்டு நவம்பரில் ஆய்வுக்குழு வர ஹூதிகள் சம்மதித்தார்கள். 2021 நடுவில் அதுவும் முறிந்தது. யார் என்ன பார்க்கலாம், எதைப் பழுதுபார்க்கலாம் என்பதிலேயே பேச்சு சிக்கிக்கொண்டது. 2022 மார்ச்சில்தான் ஐநாவும் ஹூதிகளும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: பழைய கப்பலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றிவிடலாம். ஏடன் அரசும் சவூதியும் இதற்கு ஒத்துக்கொண்டன. 2023 ஜூலை 25 அன்று பம்ப் ஓடத் தொடங்கியது. ஆகஸ்ட் 11இல் முடிந்தது. ஒரு குண்டுகூட விழவில்லை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் யாருடையது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அது கடலில் கொட்டக்கூடாது என்ற ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான் இது நடந்தது. ஓரமாக வைத்த அந்தக் கேள்வியை எடுத்துத் தீர்க்க அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. எண்ணெய் வேறு கப்பலில், அதே கடலில், அதே ராஸ் ஈசாவுக்கு எதிரே நிற்கிறது.

#2 என்ஜின்ரூம்

டேங்கர்களில் என்ஜின் பக்கம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கப்பலில் எது ஆபத்து என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பலர் துருப்பிடித்து ஓட்டை விழுவதை மட்டும் நினைக்கிறார்கள்.

கச்சா எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய்க்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் ஆவி சேரும். அதில் ஆக்சிஜன் கலந்தால் ஒரு பொறி போதும். அதனால் அந்த இடத்தை எப்போதும் இனர்ட் கேஸால், அதாவது தீப்பிடிக்க விடாத வாயுவால், நிரப்பி வைப்போம். ஆக்சிஜன் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பெரிய பழைய டேங்கர்களில் இந்த வாயு பாய்லர் புகையிலிருந்துதான் வரும். ஸேஃபரில் பாய்லரை ஓட்ட எரிபொருள் இல்லாமல் அணைந்தது. பாய்லர் போனால் நீராவி போச்சு, நீராவி போனால் பம்புகள் போச்சு, இனர்ட் கேஸும் போச்சு. ஐம்பது பேர்போல இருக்க வேண்டிய கப்பலில் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் இருந்தார்கள். செங்கடல் வெயிலில், ஆவி நிரம்பிய தொட்டிகளுக்கு மேலே, ஆண்டுக்கணக்கில் அந்தச் சில பேர் கப்பலை மூழ்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எனக்கு அது வருத்தம்.

ஸ்மிட் என்ற டச்சு சால்வேஜ் (கப்பல் மீட்பு) நிறுவனத்தின் ஆட்கள் 2023 மே 30 அன்று எண்டெவர் கப்பலில் வந்தார்கள். வந்த உடனே எண்ணெயைத் தொடவில்லை. கையோடு கொண்டுவந்த ஜெனரேட்டர்களால் தொட்டிகளுக்குள் இனர்ட் கேஸ் ஏற்றினார்கள், தகடுகளின் தடிமனை அளந்தார்கள், அடிப்பாகத்தை முக்குளித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு கப்பலைக் கட்டினால் இந்த உடல் தாங்குமா என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கட்டம். ஸேஃபரின் பம்புகள் செத்துப்போனதால் வெளியிலிருந்து பம்புகளை இறக்கித்தான் எண்ணெயை எடுத்தார்கள். சமாதான காலத்திலேயே இது பயமான வேலை. சுற்றிலும் கடல் கண்ணிவெடி இருக்கலாம் என்ற பேச்சோடு செய்தார்கள்.

#3 நெய்தல்

கடலோரிக்கு நன்றி. நான் எண்ணூர்ப் பக்கம். 2017 ஜனவரி 28இல் எங்கள் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர் குப்பத்தில் கரையோரக் கற்தடுப்பை ஒட்டிக் கருப்புக் குழம்பாக நின்றதை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அது ஸேஃபரில் இருந்ததோடு பார்த்தால் மிகச் சின்ன அளவு. அதற்கே மீன் வாங்க ஆள் இல்லாமல் போனது, எண்ணெய் படாத மீனுக்கும் சேர்த்து.

ஏமன் கணக்கைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஸேஃபர் உடைந்தால் சுமார் 2 லட்சம் மீனவர்களின் பிழைப்பு உடனே போகும் என்று ஐநா சொன்னது. அங்கே ஏற்கெனவே கண்ணிவெடி, கடற்படை முற்றுகை, டீசல் விலை எல்லாம் சேர்ந்து மீனவனைக் கொன்றுகொண்டிருந்தன. எண்ணெய் பரவினால் ஹொதைதா, ஸலீஃப் துறைமுகங்கள் மூடும். வடக்கு ஏமனுக்கு உணவும் மருந்தும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகின்றன. அதனால் பவளப்பாறை செத்துப்போகும் என்பதோடு இது நிற்பதில்லை, சனாவில் இருக்கும் குழந்தைக்குக் கோதுமை மாவு வராது. சுற்றுச்சூழல் வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த ஒரு கப்பலைப் பார்த்தால் போதும்.

#4 கேள்விக்குறி

எல்லாம் சரி. ஆனால் இதை வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடந்ததை நேராகச் சொல்வோம். ஓர் ஆயுதக் குழு எண்ணெய்க் கப்பலை வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் உலகத்தை மிரட்டியது. கடைசியில் ஐநா 5.5 கோடி டாலர் கொடுத்து நாட்டிகா என்ற பெரிய டேங்கரை வாங்கி, அதற்கு ஏமன் என்று பெயர் வைத்து, அங்கேயே விட்டுவிட்டு வந்தது. எண்ணெயும் அங்கேதான். பழைய ஸேஃபரும் அங்கேதான். துரு பிடித்த கப்பலுக்குப் பதில் 2008இல் கட்டிய நல்ல கப்பல் கிடைத்ததுதான் அவர்களுக்கு லாபம். இதைப் பார்க்கிற மற்ற ஆயுதக் குழுக்கள் என்ன பாடம் படிப்பார்கள்?

நவம்பர் 2023இலேயே பதில் வந்துவிட்டது. எண்ணெய் மாற்றி மூன்று மாதம்தான். அதே ஹூதிகள் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள்.

#5 கடலோரி

கேள்விக்குறி, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் வேறு என்ன வழி இருந்தது? பலவந்தமாகப் போய் எண்ணெயை எடுக்க முடியாது. ஆவி நிரம்பிய கப்பல் பக்கத்தில் துப்பாக்கிச் சண்டை என்றால் என்ன ஆகும் என்று என்ஜின்ரூம் மேலே சொல்லிவிட்டார். கொட்டினால் சுத்தம் செய்ய மட்டும் 2000 கோடி டாலர் ஆகும் என்று ஐநா மதிப்பிட்டது. முழுத் திட்டத்தின் செலவு சுமார் 14.3 கோடி.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். 2022 மே மாதம் நெதர்லாந்தும் ஐநாவும் சேர்ந்து பணம் திரட்ட ஒரு மாநாடு கூட்டின. அவசரக் கட்டத்துக்குத் தேவைப்பட்டது 8 கோடி டாலர். அன்றைக்குச் சேர்ந்தது பாதிபோல. ஏமனில் அப்போது ஐநா ஒருங்கிணைப்பாளராக இருந்த டேவிட் கிரெஸ்லி ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. பொதுமக்களிடம் இணையத்தில் நன்கொடை கேட்டார்கள். அமெரிக்காவில் மேரிலாந்தில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 200 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில், செங்கடல் வழியாகத் தினமும் சரக்கு ஓட்டும் எண்ணெய்க் கம்பெனிகள் தயங்கி நின்றன. பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த பிறகும் தயங்கினார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாமதத்துக்கு விலையும் இருந்தது. உக்ரைன் போரால் பழைய டேங்கர்களின் விலை ஏறிக்கொண்டே போனது. காத்திருக்கக் காத்திருக்கக் கப்பல் வாங்கும் செலவு கூடியது.

#6 பாசையூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

2020 செப்டம்பர் 3 அன்று எங்கட கிழக்குக் கரையில், சங்கமன்கண்டிக்கு அப்பால், நியூ டயமண்ட் என்ற டேங்கர் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து பாராதீப்புக்குச் சுமார் 2.7 லட்சம் தொன் கச்சா எண்ணெய் கொண்டு போன கப்பல். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணியாளர் ஒருவர் இறந்துபோனார். ஆனால் இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் உடனே ஓடி வந்தன. அணைத்த தீ திரும்பவும் பிடித்தது, திரும்பவும் அணைத்தார்கள். தொட்டியில் இருந்த சரக்கு எண்ணெய் கொட்டவில்லை. ஸேஃபரில் இருந்ததைவிட அதில் எண்ணெய் கூட. அங்கே எட்டு வருசம் இழுபட்ட வேலை இங்கே நாள்க்கணக்கில் முடிந்தது. எண்ணெய் யாருடையது, கடல் யாருடையது என்ற பிரச்சினை இல்லாததுதான் வித்தியாசம்.

மற்றது லெபனான். 2006 ஜூலையில் ஜியே மின்நிலையத்தின் எண்ணெய்த் தாங்கிகளில் இஸ்ரேல் குண்டு போட்டது. பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கடலில் கலந்தது. எண்ணெய் கரையோரமாக வடக்கே சிரியா வரைக்கும் போனது. சுத்தம் செய்ய ஆட்கள் தயார், ஆனால் கடற்படை முற்றுகை செப்டம்பர் வரைக்கும் இருந்தது. எண்ணெய் பரவும்போது முதல் சில நாட்கள்தான் முக்கியம், அந்த நாட்கள் வீணாகப் போயின. பிறகு ஐநா பொதுச்சபை 2014இல் 85.64 கோடி டாலர் இழப்பு என்று குறித்து, இஸ்ரேல் ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இஸ்ரேல் ஏற்கவில்லை. பொதுச்சபைத் தீர்மானத்தைக் கட்டாயப்படுத்த வழியும் இல்லை.

அதனால்தான் ஸேஃபரை நான் மதிக்கிறேன். கொட்டுவதற்கு முன்னமே தடுத்த வேலை அது. கொட்டிய பிறகு வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

#7 வழக்குரைஞர்_தேவி

பணத்தைப் பற்றிப் பேசினீர்கள். காப்பீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் காப்பீடு இல்லாமல் எந்தக் கப்பலும் இன்னொரு கப்பல் பக்கத்தில் போய் நிற்காது. வெடித்தால் யார் பொறுப்பு? பக்கத்தில் நின்ற டேங்கரின் சொந்தக்காரரா, சால்வேஜ் நிறுவனமா, ஐநாவா? ஐநாவோ அதுவரை இப்படி எண்ணெய்ச் சரக்குக்குப் பொறுப்பேற்று கப்பல் வாங்கிய அமைப்பு இல்லை. கடைசியில் லண்டன் காப்பீட்டுச் சந்தையில் ஒரு தரகு நிறுவனம் பல காப்பீட்டாளர்களைச் சேர்த்துப் பாதுகாப்பு ஏற்படுத்திக் கொடுத்தது. அது கிடைத்திருக்காவிட்டால் ஒப்பந்தம், பணம், டச்சு வல்லுநர்கள் எல்லாம் இருந்தும் வேலை நடந்திருக்காது.

#8 புதுவரவு

ஒரு சந்தேகம். அந்த எண்ணெயை விற்று ஏமன் மக்களுக்கே கொடுத்திருக்கலாமே? ஏன் இன்னொரு கப்பலில் ஊற்றி வைக்க வேண்டும்? அது நல்ல எண்ணெய்தானா, இத்தனை ஆண்டு கழித்தும்?

#9 வழக்குரைஞர்_தேவி

நல்ல கேள்வி. விற்றால் பணம் எந்த வங்கிக்குப் போகும்? ஏமனில் மத்திய வங்கியே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஹூதிகள் கையிலுள்ள சனாவில் ஒன்று, அரசு இருக்கும் ஏடனில் ஒன்று. பணத்தை ஆசிரியர், செவிலியர் சம்பளத்துக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை பலமுறை வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டில், ஹொதைதா, ஸலீஃப், ராஸ் ஈசா துறைமுக வருமானத்தை ஹொதைதாவிலுள்ள மத்திய வங்கிக் கிளையில் போட்டு அதிலிருந்து சம்பளம் கொடுப்பது என்று எழுதினார்கள். 2020இல் அந்தக் கணக்கிலிருந்த பணத்தை ஹூதிகள் எடுத்துவிட்டார்கள் என்று தகராறு வந்து ஏற்பாடே முறிந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு விற்பனைப் பேச்சைத் தொட்டிருந்தால் எண்ணெய் மாற்றும் வேலையும் சேர்ந்து நின்றிருக்கும். ஐநா அதைத் தொடாமல் விட்டது அன்றைக்குச் சரியான முடிவு.

#10 என்ஜின்ரூம்

எண்ணெய் தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாரிப் எண்ணெய் இலேசான வகை, சுத்திகரிப்பு ஆலைகள் விரும்பி வாங்குவது. மூடிய தொட்டியில் வைத்தால் கெட்டுப்போய்விடாது, அடியில் கசடு சேரும். ஸேஃபரில் கசடோடு கலந்து இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக மிச்சம் இருந்தது. கப்பலைக் கழுவி இழுத்துக்கொண்டு போய் உடைக்கும்போது அதையும் எடுப்பதாகத் திட்டம்.

இலேசான எண்ணெய்க்கு இன்னொரு குணம், சீக்கிரம் ஆவியாகும். கொட்டினால் கடலில் மட்டும் இல்லை, கரையிலிருக்கும் ஊர்களின் காற்றும் விஷமாகும்.

#11 கேள்விக்குறி

சரி, ஸேஃபரில் வேறு வழி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹூதிகள் எண்ணெய்க் கசிவுக்குப் பயந்துதான் ஒத்துழைத்தார்கள் என்று நம்பத் தயாராக இல்லை. ரூபிமார் கப்பலை 2024 பிப்ரவரியில் ஏவுகணையால் அடித்தார்கள். 20,000 டன்னுக்கு மேல் உரம். இழுத்துப் போக முடியாமல் மார்ச் 2 அன்று மூழ்கியது. அப்புறம் ஆகஸ்டில் சூனியன் டேங்கர். அதில் சுமார் பத்து லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய், ஏறக்குறைய ஸேஃபர் அளவு. பணியாளர்கள் இறங்கிய பிறகு ஹூதிகளே மேலே ஏறி வெடிவைத்து அதைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். ஸேஃபருக்காக உலகமே கெஞ்சியதைப் பார்த்தவர்கள், எண்ணெய் நிரம்பிய கப்பல் ஓர் ஆயுதம் என்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

#12 கடலோரி

சூனியனை முழுக்கச் சொல்லுங்கள். வெடிவைத்து ஐந்தாறு நாளில் அதே ஹூதிகள் இழுவைக் கப்பல்கள் வர ஒப்புக்கொண்டார்கள். பல நாடுகள் கேட்டுக்கொண்டதால் என்று ஈரான் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் நடந்த முதல் முயற்சி பாதுகாப்பு இல்லை என்று கைவிடப்பட்டது. செப்டம்பர் 14 வாக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆஸ்பிடெஸ் கடற்படைப் பிரிவு காவல் நிற்க, எரியும் கப்பலை வடக்கே இழுத்துப் போனார்கள். பிறகு தீயை முழுக்க அணைத்து, எண்ணெயையும் இறக்கி, 2025 ஜனவரியில் வேலையை முடித்தார்கள். பெரிய கசிவு இல்லை.

ஸேஃபருக்கு எட்டு ஆண்டு, சூனியனுக்கு மூன்று வாரம். ஸேஃபருக்காகப் பேசிப் பேசி யாரிடம் பேச வேண்டும், என்ன கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்கக்கூடாது என்று எல்லாத் தரப்பும் கற்றுக்கொண்டதற்கு இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் ஹூதிகளுக்கும் அந்தக் கரைதான், அந்த மீனவர்கள்தான், அந்தத் துறைமுகம்தான். அவர்கள் ஆயுதமாகவும் வைத்திருக்கிறார்கள், பயப்படவும் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு இடம் அங்கேதான்.

#13 மாலுமி_வீட்டுப்பெண்

என் தம்பி டேங்கரில் வேலை பார்க்கிறான். 2024 ஜனவரியில் மார்லின் லுவாண்டா என்ற கப்பல் ஏடன் வளைகுடாவில் அடிபட்டபோது அதிலிருந்த 22 இந்தியர்களையும் ஒரு வங்கதேசத்தவரையும் பற்றிய செய்தியை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாப்தா என்ற, சட்டென்று தீப்பிடிக்கும் எண்ணெய் ஏற்றிய கப்பல், அதில் தீ. ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்து, கடற்படைத் தீயணைப்புக் குழு அந்தக் கப்பல்காரர்களோடு சேர்ந்து அணைத்தது. நீங்கள் எல்லோரும் நாடுகளைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். அந்தக் கப்பல்களில் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். அவர்களுக்கு இந்தப் போரில் எந்தப் பக்கமும் இல்லை. ஒப்பந்தம் போடும் மேசையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

#14 நெய்தல்

அக்கா சொல்வதை வழிமொழிகிறேன். ஹொதைதா மீனவர் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் நிறம் மாறினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

#15 வழக்குரைஞர்_தேவி

இப்போதைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். திட்டப்படி, புதிய கப்பலை ஒரு மிதவையோடு இணைத்து நிரந்தரமாக நிறுத்தி, ஸேஃபரை இழுத்துப் போய் உடைக்க வேண்டும். செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியதும் அந்த இரண்டாம் கட்டம் நின்றுபோனது. 2024 ஜூன் முதல் ஹூதிகள் ஐநா ஊழியர்களையே டஜன் கணக்கில் பிடித்து வைத்தார்கள். ஒப்பந்தம் பேசும் ஆட்களைப் பிடித்து வைத்தால் அடுத்த ஒப்பந்தம் யாரோடு? இன்னொரு பக்கம், 2025 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க விமானங்கள் ராஸ் ஈசா எரிபொருள் முனையத்தையே குண்டுவீசித் தாக்கின. 70 பேருக்கு மேல் இறந்ததாக ஹூதிகளின் சுகாதாரத் துறை சொன்னது. பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெயுடன் ஐநா வாங்கிய கப்பல் அந்த முனைக்கு எதிரேதான் நிற்கிறது. அதைக் காப்பாற்ற ஒரு கோடி டாலர் கொடுத்த நாடு அமெரிக்கா.

#16 கடலோரி

ஆமாம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். எண்ணெயை விற்கும் பேச்சை இப்போது தனியாக எடுக்க வேண்டும், முழு அமைதி ஒப்பந்தம் வரும் வரை காத்திருக்காமல். ஸேஃபரில் நான்கு தரப்பும் ஓர் ஒற்றை வேலையில் ஒத்துக்கொண்டார்கள் என்றால் இதிலும் முடியும். பணம் சனாவுக்கும் போக வேண்டாம், ஏடனுக்கும் போக வேண்டாம். வெளியே மூன்றாம் தரப்புக் கணக்கில் போட்டு, அதிலிருந்து முதலில் ஸேஃபரை உடைக்கும் செலவு, பிறகு இரண்டு பகுதி ஆசிரியர்களின் சம்பளம் நேராக அவரவர் கைக்கு. ஹொதைதா கணக்கு முறிந்ததற்குக் காரணம், பணம் ஒரு தரப்பின் கை எட்டும் இடத்தில் இருந்தது. தேவி, இதில் சட்டச் சிக்கல் எங்கே வரும்?

#17 வழக்குரைஞர்_தேவி

முதல் சிக்கல் பொருளாதாரத் தடை விதிகள். ஹூதிகளை அமெரிக்கா 2025இல் மறுபடி பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் சேர்த்தபின், அவர்கள் கையெழுத்துப் போட்ட எந்த விற்பனையிலும் வாங்குபவரும் வங்கியும் மாட்டுவார்கள். அதற்கு அமெரிக்கா தனி விலக்கு கொடுக்க வேண்டும். ஆக, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் சனா, ஏடன், ரியாத். அனுமதி கொடுக்க வேண்டியது வாஷிங்டன். நீங்கள் கேட்டதில் கடினமான இடம் அந்தக் கடைசி ஊர்தான். மற்ற மூவரும் 2022இலேயே ஒரே பக்கத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டார்கள்.